டியூப் லைட் டேன்

ஆம்பூரில் இன்பராஜ் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. தோல் வெட்டும் அளவுப் படமான பேட்டர்னை வரைய புது மென்பொருள் விற்க யார் வந்தாலும் அவர் கொண்டுவந்த பளபளப்பான படங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். உட்காரவைத்து டீ கொடுப்பார்கள். பிறகு பத்து வருஷத்துக்கு முந்தைய பேட்டர்ன் ஃபைல் ஒன்றைப் பென்டிரைவில் போட்டு நீட்டுவார்கள். "இதைத் திறந்து காட்டுங்க சார்." திறந்தால் மேற்கொண்டு பேச்சு. திறக்காவிட்டால் அவர் டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான்.

அதே வழக்கத்தை வீட்டிலும் செய்து பார்க்கலாம் என்று இன்பராஜுக்குப் பதினோரு மாதம் தோன்றவே இல்லை.

அவன் மனைவி மெர்சி போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஒரு காய்ச்சல், ஒன்பது நாள் வேலூர் ஆஸ்பத்திரி, பிறகு ஆம்புலன்ஸில் திரும்பி வந்தாள். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. வேலைக்குப் போனான், வந்தான். ஒருவேளை சமைத்து இரண்டுவேளை சாப்பிட்டான். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் இருக்கிறேன் என்றான். அது பொய் இல்லை.

அவள் துத்திப்பட்டு பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் நிறம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். வெளிநாட்டுக்காரர் சரி என்று ஒப்புக்கொண்ட தோல் துண்டையும் புதிதாக வந்த தோலையும் லைட் பாக்ஸ் என்கிற விளக்குப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே நிறம்தானா என்று சொல்ல வேண்டும். ஒரு நூல் சிவப்பு ஜாஸ்தியாக இருந்தாலும் லாரி திரும்பிவிடும். அப்படிப்பட்ட கண் அவளுக்கு.

வீட்டுக்கு வந்தால் லேப்டாப்பில் படம் வரைவாள். அந்தக் காலத்து வீடியோ கேம் மாதிரி, கட்டம் கட்டமாக. ஒரு உருவத்துக்குப் பதினாறுக்குப் பதினாறு கட்டம், மொத்தமே பதினாறு நிறம். அதற்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். அவள் யோசித்த விளையாட்டில் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் டிபன் பையோடு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். ரயில்வே கேட் மூடும். பிரியாணி அண்டா ஏற்றிய ஆட்டோ குறுக்கே வரும். மேஸ்திரி வாட்ச்சைப் பார்ப்பார். பஸ் நிற்காது. ஓடித்தான் ஏற வேண்டும்.

படம் அவள் வேலை, புரோகிராம் அவன் வேலை. அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறேன் என்றான். மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன.

இப்போது அவனுக்கு ஒரே ஒரு காரியம் முடிய வேண்டியிருந்தது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு மெர்சியின் வருஷ நினைவு ஜெபம். அவள் அம்மா வருவார், தம்பி வருவான், அவள் கம்பெனிப் பெண்கள் வருவார்கள். அதற்குள் அந்த விளையாட்டின் முதல் காட்சியாவது ஓட வேண்டும். ஆரம்பத்தில் 'வரைந்தது: மெர்சி' என்று வர வேண்டும். அதை எல்லாருடைய போனிலும் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அதற்கு முதலில் ஒரு மென்பொருள் வேண்டும்.

மெர்சி எதில் வரைந்தாள் என்று அவனுக்குத் தெரியாது. மூன்று வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான், அதன் பெயரைக் கேட்டதில்லை. அதைப் போட்டுக் கொடுத்தவன் அவள் தம்பி டேனியல். அடக்கம் முடிந்த வாரமே டேனியல் அந்த லேப்டாப்பை எடுத்துப்போனான்.

"ரொம்ப ஸ்லோவா இருக்கு மாமா. சரி பண்ணித் தர்றேன்."

திரும்பி வந்தபோது லேப்டாப் புதுசு மாதிரி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

ஆனால் மெர்சியின் கம்பெனிப் பையில், அடையாள அட்டைக்குப் பின்னால், ஒரு பென்டிரைவ் கிடந்தது. அதில் முப்பத்தோரு ஃபைல்கள். இரண்டு தடவை தட்டிப் பார்த்தான். எதில் திறப்பது என்று லேப்டாப் அவனையே கேட்டது. டேனியலுக்குப் போன் போட்டான்.

எந்தப் பென்டிரைவ் என்று அவன் இரண்டு தடவை கேட்டான். பிறகு டேனியல் சொன்னான்: "அது எதுலயும் திறக்காது மாமா. லேப்டாப்புல இருந்ததை நான் எல்லாத்துலயும் போட்டுப் பாத்துட்டேன். அந்த சாஃப்ட்வேர் கம்பெனியே மூடிட்டாங்க."

"அப்ப இன்னா பண்றது?"

"பிரவுசர்ல ஒண்ணு இருக்கு, லிங்க் அனுப்பறேன். இன்ஸ்டாலே வேணாம். அதுல புதுசா வரைங்க. நான் ஹெல்ப் பண்றேன்."

டேனியல் பெங்களூரில் ஒரு கேம் கம்பெனியில் வேலை செய்கிறவன். இதெல்லாம் அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? இன்பராஜ் நம்பினான். அந்த லிங்க்கில் போய் ஒரு பஸ் வரைந்தான். அது சோப்புப் பெட்டி மாதிரி வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போனில் எந்த மென்பொருள் நல்லது என்று படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேஜை தபரேஸ் எட்டிப் பார்த்தான். இரண்டு பேரும் எட்டு வருஷமாக ஒரே பிரிவு.

"இன்னா தோஸ்த், படம் வரையக் கத்துக்கறியா?"

"மெர்சியோட கேமுக்கு. நாலு இருக்கு. எது எடுக்கறதுன்னு தெரியல."

"பழைய ஃபைல் எதுல திறக்குது?"

"எதுலயும் திறக்காது."

"யார் சொன்னது?"

"என் மச்சான்."

"நீ போட்டுப் பாத்தியா?"

இன்பராஜ் சாப்பாட்டு டப்பாவை மூடினான்.

"யோவ், டை கட்டிக்கினு வர்ற சேல்ஸ்காரன் சத்தியம் பண்ணாலே நம்ப மாட்டோம். வூட்டு ஆளு சொன்னா உடனே நம்பிடுவியா?" என்றவன் அவன் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினான். "மச்சானுக்குத் தெரியாம இருந்திருக்கலாம். அதுக்குச் சொன்னேன். பத்து நிமிஷ வேலை. போட்டுப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை இன்பராஜ் சர்ச்சுக்குப் போகவில்லை. காலை பத்து மணிக்கு மேஜையில் உட்கார்ந்தான். கம்பெனியில் வியாபாரிகளுக்குப் போடுவது மாதிரி மென்பொருள்களுக்கு நம்பர் போட்டான். மெர்சியின் ஃபைல்களில் ஆகப் பழையதை எடுத்தான். 'ஓட்டம் 1' என்று பெயர் வைத்திருந்தாள்.

ஒன்றாம் நம்பர், டேனியல் சொன்ன பிரவுசர் மென்பொருள். வரைய சுலபம், சுத்தம். ஃபைல் திறக்கவில்லை. இரண்டாம் நம்பர், போட்டோக்களைத் திருத்துகிற பெரிய மென்பொருள். அதில் ஒரு புள்ளி வைத்தால் தண்ணீரில் மை விட்ட மாதிரி ஓரம் கசிந்தது. கசியாமல் இருக்க ஏழு இடத்தில் ஏதேதோ மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினான். ஃபைல் திறக்கவில்லை. மூன்றாம் நம்பர் போனில் வரைவது. அவன் விரல் நாலு கட்டத்தை மறைத்தது. ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் ஒரு விளம்பரம் வந்தது. ஃபைல் திறக்கவில்லை.

நாலாம் நம்பர் காசு கொடுத்து வாங்குவது. வாங்குவதற்கு முன்னால் பார்க்க ஒரு சோதனைப் பதிப்பு கொடுத்திருந்தார்கள். அதில் எதையும் திறக்கலாம், வரையலாம், சேமிக்க மட்டும் முடியாது. 'ஓட்டம் 1' ஃபைலை இழுத்து அதன் மேல் போட்டான்.

நீலக் கோட்டுப் பெண் நின்றாள். அவள் காலுக்குக் கீழே எட்டுச் சின்னச் சதுரங்கள் வரிசையாக இருந்தன. ஓட்டு என்கிற பொத்தானை அமுக்கினான். அவள் ஓடினாள்.

ஏதோ தவறு என்று நினைத்து மூடினான். மறுபடி திறந்தான். மறுபடி ஓடினாள். மற்ற முப்பதையும் ஒவ்வொன்றாகப் போட்டான். கேட் மூடியது. அண்டாவிலிருந்து ஆவி வந்தது. மேஸ்திரி வாட்ச்சைப் பார்த்தார்.

மூடிப்போன கம்பெனி ஒன்றும் இல்லை. போன மாதம்கூடப் புதிய பதிப்பு விட்டிருந்தார்கள்.

திரையின் இடப்பக்கத்தில் பதினாறு நிறங்கள் நின்றன. பதினொன்றாவதில் அவன் கண் நின்றது. டேன் என்று தோல்காரர்கள் சொல்லும் இளம் பழுப்பு. ஆனால் இது சரியான டேன் இல்லை. இதில் பச்சை அடித்தது.

அந்த நிறம் வந்த நாள் அவனுக்கு ஞாபகம் இருந்தது. மெர்சி கம்பெனியிலிருந்து ஒரு கழிவுத் துண்டு டேன் கொண்டுவந்து, திரைக்குப் பக்கத்தில் பிடித்து, அதே நிறம் வரும்வரை எண்களை ஏற்றி இறக்கினாள். வந்துவிட்டது என்றாள். மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் துண்டு டேனாக இருந்தது, திரையில் பாசி பிடித்த மாதிரி இருந்தது. அந்த அறையின் டியூப் லைட் பழசு, பச்சை அடிக்கும். லைட் பாக்ஸ் இல்லாமல் ஒரு தோலைத் தொடாதவள் வீட்டில் அதன் கீழே வைத்து நிறம் பார்த்திருக்கிறாள். அவன் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கோபம் வந்தது.

"வூட்டுக்கு லைட் பாக்ஸ் நீ வாங்கித் தர்றியா? டியூப்பையாவது மாத்துனியா? தப்பாவே இருக்கட்டும். இது நம்ம வூட்டு டேன்."

டிபன் பை முழுக்க அந்த நிறத்தைத்தான் அடித்தாள்.

இன்பராஜ் நாலாம் நம்பர்தான் என்று முடிவு செய்தான். விலை பார்க்க அதன் இணையப் பக்கத்துக்குப் போனான். அங்கே 'இதில் செய்தவை' என்று ஒரு வரிசை இருந்தது. உலகம் முழுக்க யார் யாரோ செய்த விளையாட்டுகள். குகை, டிராகன், விண்கலம். இரண்டாவது பக்கத்தில் நீலக் கோட்டு. பச்சை அடிக்கும் டேனில் ஒரு டிபன் பை.

அவன் பக்கத்தை மேலே தள்ளினான். கீழே இறக்கினான். அங்கேயேதான் இருந்தது.

'ஓவியம், உருவாக்கம்: டேனியல்.' போட்ட தேதி இருந்தது. மெர்சியை அடக்கம் செய்து முப்பத்திரண்டாம் நாள்.

கீழே யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்: அந்தப் பையின் பச்சைப் பழுப்பு அபாரம், எப்படித் தோன்றியது? டேனியல் பதில் எழுதியிருந்தான்: பழைய விளையாட்டுகளின் உணர்வு வர வேண்டும் என்று ரொம்ப யோசித்து எடுத்த நிறம்.

இன்பராஜ் எழுந்து போய்க் காலையில் குடித்த டம்ளரைக் கழுவினான். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த இன்னொரு டம்ளரையும் கழுவினான்.

டேனியலுக்குப் போன் போடவில்லை. போனில் அவன் யோசித்துப் பதில் சொல்வான். நேரில் வரட்டும்.

நினைவு ஜெபத்தன்று டேனியல் பெங்களூர் ரயிலில் வந்து இறங்கினான். கையில் கேக் பெட்டி. மாமியார் அமிர்தவள்ளி பேரணாம்பட்டிலிருந்து காலையிலேயே வந்து சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். பாஸ்டர் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். முன் அறையில் வாடகை நாற்காலிகள் போட்டாயிற்று.

"எளச்சிட்டீங்க மாமா," என்றான் டேனியல்.

"உள்ள வா. ஒண்ணு காட்டணும்."

உள் அறையில் டியூப் லைட் எரிந்தது. லேப்டாப் திறந்திருந்தது. டேனியல் திரையைப் பார்த்தான். அந்தப் பெண் ஓடிக்கொண்டிருந்தாள். அவன் கேக் பெட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றான்.

"திறந்துச்சு," என்றான் இன்பராஜ். "நீ உங்க அக்காவுக்குப் போட்டுக் குடுத்த அதே சாஃப்ட்வேர்தான?"

டேனியல் பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

இன்பராஜ் பதினொன்றாவது நிறத்தின் மேல் விரலை வைத்தான். "இது இன்னா கலர்?"

"ஒரு மாதிரி… ஆலிவ் பிரவுன்."

"ரொம்ப யோசிச்சு எடுத்தேன்னு எழுதியிருக்க. எப்படி யோசிச்ச?"

"மாமா…"

"சொல்லு. கேக்கறேன்."

டேனியல் பெட்டியைக் கட்டிலில் வைத்தான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அக்காதான் குடுத்துச்சு."

"எப்போ?"

"ஆஸ்பத்திரில. ஆறாம் நாள். நீங்க மருந்து வாங்கக் கீழ போயிருந்தீங்க. இன்பா முடிக்க மாட்டான்டா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைன்னே ஓட்டுவான், நீ முடிச்சிடுன்னுச்சு."

இன்பராஜ் அந்த வார்த்தைகளில் பொய்யைத் தேடினான். கம்பெனியில் தோலை நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பது மாதிரித் திருப்பினான். கிடைக்கவில்லை. 'ஓட்டுவான்' என்பது அவள் வார்த்தை. அவளைத் தவிர அவனை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆறாம் நாள் அவன் மருந்துச் சீட்டோடு வரிசையில் ஒரு மணிநேரம் நின்றான். திரும்பி வந்தபோது அவள் கண்ணைத் திறந்து, சாப்பிட்டியா இன்பா என்று கேட்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் மூன்று நாள் இருந்தாள். அந்த மூன்று நாளும் சொல்லவில்லை.

"தன் பேரை எடுத்துடச் சொன்னாளா?"

"இல்ல."

"அப்புறம்?"

"வேலைக்குக் காட்டணும் மாமா. ரெண்டு வருஷம் சும்மா இருந்தேன், உங்களுக்கே தெரியும். ரெண்டு பேரோட பேர் இருந்தா இதுல நீ எதை வரஞ்சேன்னு கேப்பாங்க. மொதல்ல வேலை கிடைக்கட்டும், அப்புறம் போட்டுக்கலாம்னு நெனச்சேன்."

"வேலை கிடைச்சு ஆறு மாசம்."

"ம்."

"திறக்காதுன்னு ஏன் சொன்ன?"

அதற்குள் கதவருகே புடவைச் சத்தம் கேட்டது. அமிர்தவள்ளி கரண்டியோடு நின்றார்.

"ரெண்டு பேரும் இன்னா பண்றீங்க, பாஸ்டர் வர்ற நேரம்," என்றவர் திரையைப் பார்த்தார். கரண்டியைத் தாழ்த்தினார். "பாத்துட்டீங்களா மாப்ள."

என்ன இது என்று அவர் கேட்கவில்லை. பாத்துட்டீங்களா என்று கேட்டார்.

கிறிஸ்மஸுக்குப் பேரணாம்பட்டு போனது இன்பராஜுக்கு ஞாபகம் வந்தது. எல்லாரும் மாமியாரின் போனைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் போன் கவிழ்ந்தது. யாரோ அவனுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். புருஷனை இழந்தவள் அழுதுவிடக் கூடாது என்று பார்த்துப் பேசுவார்களே, அதுபோல அவனிடமும் பதமாக நடக்கிறார்கள் என்று அன்றைக்கு நினைத்தான்.

"நான்தான் சொன்னேன் மாப்ள," என்றார் அமிர்தவள்ளி. "அவ போய்ட்டா. இருக்கறவனாவது பொழைக்கட்டும்னு. உங்களுக்குத் தெரிஞ்சா பேஜாரு ஆயிடும்னு நான்தான் இவன் வாயைக் கட்டினேன்."

"பொழைக்கட்டும் அத்தை. அவ பேரைப் போடச் சொல்லுங்க."

"போடுவான். அவன் போய் மெதுவா…"

"இப்ப."

"இன்னைக்கு அவ நினைவு நாளு மாப்ள."

"அதனாலதான்."

முன் அறையில் நாற்காலிகள் இழுபட்டன. மெர்சியின் கம்பெனிப் பெண்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி வாசலிலிருந்தே, "ஆன்ட்டி, ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் முடிச்சு அப்படியே வர்றோம், தோல் நாத்தம் அடிக்கும், மன்னிச்சிக்கோங்க," என்றாள். யாரோ சிரித்தார்கள்.

"எதுக்கு மாமா அவசரம்," என்றான் டேனியல். "ஆபீஸ்ல கேள்வி வரும்."

"வரும்."

"வேலையே போனாலும் போய்டும்."

"வெளிய பன்னெண்டு பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. மெர்சி வரஞ்சு காட்டின அந்தப் பை எல்லாருக்கும் தெரியும். அந்த டேன் துண்டு அவங்க டேபிள்ல இருந்து வந்தது. போனைக் குடுத்தா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க, யார் வரஞ்சதுன்னு. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லிடு."

டேனியல் அம்மாவைப் பார்த்தான். அமிர்தவள்ளி கரண்டியில் ஒட்டியிருந்த கடுகைப் பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போய்விட்டார்.

டேனியல் உட்கார்ந்தான். தன் கணக்கில் நுழைந்தான். தன் பெயருக்குப் பக்கத்திலிருந்த 'ஓவியம்' என்கிற சொல்லை அழித்தான். 'உருவாக்கம்' மிச்சம் இருந்தது. மேலே புதிய வரி சேர்த்தான். 'ஓவியம்: மெர்சி.' ஒரு எழுத்து தப்பாக விழுந்தது, திருத்தினான்.

"அந்தப் பதிலையும் மாத்து."

"எப்படின்னு எழுத?"

"யோசிச்சு எடுக்கல, டியூப் லைட் கீழ பாத்ததால தப்பா வந்துடுச்சு, அவளுக்குப் புடிச்சதால அப்படியே விட்டாள்னு எழுது."

டேனியல் தலையைத் தூக்கி மேலே எரிந்த விளக்கைப் பார்த்தான். திரும்பித் திரையைப் பார்த்தான். இத்தனை நாள் தன்னைப் புகழவைத்த நிறம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. எழுதினான். எழுதி முடித்துவிட்டுச் சமாதானமாகக் கேட்டான்: "உங்க பேரும் போட்டுடவா மாமா? ரெண்டு பேரும் சேந்துதான யோசிச்சீங்க."

"நான் ஒண்ணும் பண்ணலையே."

முன் அறையில் பாஸ்டரின் குரல் கேட்டது. டேனியல் கேக் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். பாட்டு ஆரம்பித்தது.

இன்பராஜ் மேஜையில் இருந்தான். நாலாம் நம்பரில் அந்தப் பெண் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள். வாங்குகிறாயா என்று ஓரத்தில் ஒரு பொத்தான் கேட்டது. போன ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்துவிட்டதாக நினைத்திருந்தான். வாங்கி என்ன செய்ய? படம் முடிந்துவிட்டது. புரோகிராமும் முடிந்துவிட்டது. யார் யாரோ பதினோரு மாதமாக விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கு என்று மிச்சம் வைத்திருந்த பாதியையும் அவளே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், அவன் மருந்து வாங்கப் போன நேரத்தில்.

மூடினான். சோதனைப் பதிப்பு என்பதால் சேமிக்கவா என்றுகூட அது கேட்கவில்லை.

முன் அறைக்கு வந்தான். ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்தில் டேனியல் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தான். இன்பராஜைப் பார்த்ததும் காலை ஒடுக்கி வழிவிட்டு, புத்தகத்தைப் பாதி அவன் பக்கம் நகர்த்தினான்.

இன்பராஜ் பாட்டு முடியும்வரை வாசற்படி ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.